ரோட்டரைக் கழட்டிக்கொண்டு போன மகனுக்கு

ராசா, ரெண்டு மூணு வாரமா நீ மஸ்கட்டுல இருந்து போன் அடிச்சுக்கிட்டே இருக்கே, நான் எடுக்கலை. உடம்புக்கு ஒண்ணுமில்லை, பயப்படாதே. வேணும்னுதான் எடுக்கலை. போன்ல பேசினா நான் ஒரு வார்த்தை சொல்லுறதுக்குள்ள நீ ஒம்பது வார்த்தை சொல்லுவே. "இரும்மா, நான் சொல்றதைக் கேளு"ன்னு நடுவுல நிப்பாட்டுவே. கடுதாசியில அது முடியாது. முழுசா படிச்சுத்தான் ஆகணும். உன் ரூமுல இருக்கிற பசங்களுக்கும் சத்தம் போட்டு வாசிச்சுக் காட்டு. அவனுகளுக்கும் ஊருல அம்மாக்காரி இருப்பாள்ல, கேட்டுக்கிடட்டும். நான் பேசுற மாதிரிதான் எழுதுவேன், பிழை இருந்தா நீயே திருத்திக்க.

ஆனி கடைசியில ஒரு மழை பெஞ்ச மறுநாள் நான் கையை உடைச்சுக்கிட்டது உனக்குத் தெரியும். எப்படி உடைஞ்சதுன்னு மட்டும் ஒழுங்காத் தெரியாது. ஆளாளுக்கு ஒண்ணு சொல்லி வச்சிருக்காக. நடந்தது இதுதான். நம்ம பழைய டிராக்டர்ல பேட்டரி செத்துப்போயிருந்துச்சு. எப்பவும் போல முன்னாடி கைப்பிடியை மாட்டிச் சுத்தினேன். வண்டி கிளம்பலை. ரெண்டாவது தடவை இழுக்கையில கைப்பிடி திருப்பி அடிச்சது. யாரோ மறுபக்கம் நின்னு முழு பலத்தோட தட்டிவிட்ட மாதிரி இருந்துச்சு. மணிக்கட்டுல எலும்பு முறிஞ்ச சத்தம் எனக்கே கேட்டுச்சு. அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில மாவுக்கட்டுப் போட்ட டாக்டரம்மா, "இந்த வயசுல டிராக்டரா?"ன்னு சிரிச்சாக. நம்ம மேலவீட்டுக்காரர், "பொம்பளை இரும்பைத் தொட்டா இரும்பு சும்மா விடுமா?"ன்னாரு. நீ லீவு போட்டு ஓடிவந்து என் கட்டில் பக்கத்துல உக்காந்து, "இதோட விட்டுரும்மா, வயசாயிருச்சு"ன்னே. மூணு பேரும் சொன்னது வேற வேற மாதிரி இருந்தாலும் அர்த்தம் ஒண்ணுதான்.

நீ ஆடி கடைசி வரைக்கும் கூட இருந்து பார்த்துக்கிட்டே. சோறு வடிச்சே, எனக்குத் தலை சீவிவிட்டே. அதுல ஒரு குறை சொல்லமாட்டேன். அப்பத்தான் அந்த ஓட்டல்காரன் பேச்சை எடுத்தே. கடற்கரை ரோட்டுல பெரிய ஓட்டலாம், வாசல்ல நிறுத்திவைக்கப் பழைய வண்டி வேணுமாம், சிவப்புப் பெயிண்டு அடிச்சு சக்கரத்துல பூச்செடி வைப்பானாம். நிலத்தை சோலாருக்கு விட்டுறலாம்னும் சொன்னே. நான் முடியாதுன்னேன். நீ சரின்னுட்டே. இவ்வளவு லேசா சரிங்கிறானேன்னு எனக்கு அப்பவே தோணியிருக்கணும்.

ஆவணியில கட்டுப் பிரிச்சாக. கை கொஞ்சம் கோணலாத்தான் சேர்ந்திருக்கு, ஆனா பிடிமானம் வந்துருச்சு. பக்கத்துக் காட்டுக்காரக பேட்டரியை இரவல் வாங்கி செல்ஃபை அமுக்கினேன். இன்ஜின் சுத்துது, பொறியே இல்லை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழட்டினேன். உன் ரூமு பசங்களுக்காகச் சொல்றேன், பெட்ரோல் வண்டியில நாலு சிலிண்டருக்கும் முறை வச்சு பொறியைப் பிரிச்சுக் குடுக்கிற டப்பா அது. உள்ள ஒரு சின்ன முள்ளு சுத்தும், அதுக்குப் பேரு ரோட்டர். கட்டைவிரல் தண்டிதான் இருக்கும். அது இல்லைன்னா பொறி எந்தப் பக்கமும் போகாது. அந்த இடம் காலியா இருந்துச்சு. எலி தூக்கிட்டுப் போயி மூடியைத் திருப்பிக் கிளிப்பும் போட்டிருக்காது. உனக்குப் போன் போட்டேன். "ஏய்யா, டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள இருந்த முள்ளு எங்க?"ன்னேன். "என்கிட்டத்தாம்மா இருக்கு, பெட்டிக்குள்ள"ன்னே.

கடல் தாண்டிக் கொண்டு போயிட்டியே ராசா! என்கிட்டச் சண்டை போட்டிருக்கலாம். காலைக் கட்டிக்கிட்டு அழுதிருக்கலாம். பதிலுக்கு நானும் சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன், அதுல ஒரு மரியாதை இருக்கு. சரின்னு தலையாட்டிட்டு, நான் கட்டோட படுத்துக்கிடக்கையில போயிக் கழட்டியிருக்கே. உனக்கு அது பாசமாத் தெரிஞ்சிருக்கு. என் கையில இருந்து ஒண்ணைப் பிடுங்கினது மாதிரிதான் எனக்கு இருந்துச்சு. போனை வச்ச மறுநாள் காலையில டிஸ்ட்ரிபியூட்டரை முழுசாக் கழட்டி ஒரு கட்டைப்பையில போட்டுக்கிட்டு அருப்புக்கோட்டை பஸ் ஏறிட்டேன்.

அங்க ஜபருல்லான்னு ஒரு எலக்ட்ரீசியன், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஷெட்டு வச்சிருக்காரு. சவூதியில பல வருசம் கார் ஒர்க்‌ஷாப்புல இருந்தவரு. வாய் ஜாஸ்தி. அங்க ஷேக்கு வீட்டு வண்டியெல்லாம் தான்தான் பார்த்தேன்னு ஆரம்பிச்சா நிறுத்தமாட்டாரு. பையைத் திறந்து காட்டினேன். "அக்கா, இது எங்க தாத்தா காலத்துச் சரக்கு. ரோட்டர் மதுரையிலயும் கிடைக்காது"ன்னாரு. நான் நம்பலைன்னு எனக்கு முன்னாடியே நாலு கடைக்குப் போன் போட்டாரு. எல்லாரும் கையை விரிச்சுட்டாக. சரி, கிளம்புவோம்னு எந்திரிச்சேன். சும்மா இருக்கமாட்டாம அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கிட்டு இருந்தவரு, அடித்தட்டைக் கழட்டிட்டு, "அக்கா, உங்க கை எப்படி உடைஞ்சது?"ன்னு கேட்டாரு.

அந்தத் தட்டுக்கு அடியில ரெண்டு சின்ன எடைக்கட்டி இருக்கும். இன்ஜின் வேகமாச் சுத்துறப்ப அது விரிஞ்சு, பொறியைக் கொஞ்சம் முன்கூட்டி விழவைக்கும். மெதுவாச் சுத்துறப்ப ஸ்பிரிங்கு அதைத் திருப்பி இழுத்துக்கிடணும். நம்ம வண்டியில ஒரு ஸ்பிரிங்கு அறுந்து, கட்டி ரெண்டும் விரிஞ்ச வாக்குலயே துருப்பிடிச்சு இறுகிக் கிடந்துச்சு. தண்டும் ஆட்டம் கண்டிருந்துச்சு. "கையால சுத்துறப்ப பொறி லேட்டா விழணும் அக்கா. இது முன்கூட்டியே விழுந்திருக்கு. பிஸ்டன் மேல வந்து சேர்றதுக்குள்ள வெடிச்சா அது பின்னாடிதானே தள்ளும்? இருபது வயசுப் பயில்வான் சுத்தியிருந்தாலும் கை போயிருக்கும்"னாரு.

அங்க கிடந்த டயர் மேல உக்காந்துட்டேன். உனக்கு இது புரியுமான்னு தெரியலை. வெளியில வீறாப்பாப் பேசினாலும், அந்த மாசமெல்லாம் உள்ளுக்குள்ள நானும் நீங்க சொன்னதைத்தான் நம்பிக்கிட்டு இருந்தேன். வயசாயிருச்சு, பிடி தளர்ந்துருச்சு, இனி நாம இப்படித்தான்னு மனசு ஒடுங்கிப் போயிருந்துச்சு. சொம்பு கை நழுவி விழுந்தாக்கூட, சரிதான், ஆரம்பிச்சிருச்சுன்னு நினைச்சுக்கிட்டேன். பார்த்தா ஒரு அறுந்த ஸ்பிரிங்கு! அத்தனை பேரு என்னைப் பார்த்து வயசு வயசுன்னு சொன்னீகளே, ஒருத்தராவது வண்டியைத் திறந்து பார்த்தீகளா? நீ திறந்தே. திறந்தவன் மேலாப்புல இருந்த முள்ளைக் கழட்டிக்கிட்டு மூடிட்டே. உனக்கு ஒரு நியாயத்தையும் குடுத்துறேன். அந்த ரோட்டர் அதுலயே இருந்திருந்தா நான் மறுபடி சுத்தியிருப்பேன், அது மறுபடி அடிச்சிருக்கும். அந்த மட்டுக்கு நீ என் கையைக் காப்பாத்தினே. ஆனா நீ அதுக்காக எடுக்கலை.

"அப்ப வேற டிஸ்ட்ரிபியூட்டரையே மாட்டிருங்க"ன்னு சொன்னேன். ஜபருல்லா சிரிச்சாரு. "இது என்ன அக்கா, சட்டைப் பட்டனா?"ன்னாரு. "ஷேக்கு வீட்டு வண்டிக்கெல்லாம் பார்த்தவருன்னு இப்பத்தான சொன்னீக"ன்னேன். மனுசனுக்குச் சுருக்குன்னுச்சு. எந்திரிச்சுப் போயி ஷெட்டு மூலையில கிடந்த ஒரு பழைய பெட்ரோல் வேன் இன்ஜினுல இருந்து டிஸ்ட்ரிபியூட்டரை உருவிட்டு வந்து ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சாரு. வேனோடதுல ஒண்ணோட ஒண்ணு உரசித் தேயுற பிளாட்டினம் பாயிண்டு கிடையாது, எல்லாம் எலக்ட்ரானிக்கு. தண்டு சுத்துற திசையும் ஒண்ணா இருந்துச்சு. நீளமும் அடிப்பல்லும்தான் வேற. நம்மளோட அடிப்பல்லைக் கழட்டி வேன் தண்டுல ஏத்த லேத்துப் பட்டறையில குடுத்தாரு. அவுக முதல்ல அளவு தப்பிக் கட்டையாக் கடைஞ்சு, திரும்பவும் சரியாக் கடைஞ்சாக. வேன் மாதிரி டிராக்டர் பறக்காதுன்னு, எடைக்கட்டி விரியுற தூரத்தைக் குறைச்சு ஒரு தடுப்பும் வச்சாரு. எதுக்கு, என்னன்னு நான் பக்கத்துலயே நின்னு ஒவ்வொண்ணாக் கேட்டேன். சலிச்சுக்கிட்டே சொன்னாரு.

புரட்டாசி பொறந்து ஒரு காலையில பைக்குல சாமானெல்லாம் கட்டிக்கிட்டு நம்ம வீட்டுக்கு வந்தாரு. பழைய வண்டியில பேட்டரியோட பிளஸ்ஸு பாடியில சேர்ந்திருக்கும், இப்ப உள்ள சாமானுக்கு மைனஸுதான் சேரணும்னு அந்த இணைப்பை முதல்ல மாத்தினாரு. பெரிய பேட்டரி வச்சு, வயர் இழுத்து, எல்லாம் மாட்டி செல்ஃபை அமுக்கினாரு பாரு, கார்புரேட்டர் வழியா நெருப்பைத் துப்பிக்கிட்டு டமார்னு ஒரு வெடி! பட்டியில கிடந்த ஆடெல்லாம் வேலியைத் தாண்டி ஓடிருச்சு. திரும்ப அமுக்கினா திரும்ப வெடி. மேலவீட்டுக்காரர் வாசல்ல நாற்காலியைப் போட்டு உக்காந்துட்டாரு. "என்னம்மா, தீபாவளி முன்னாடியே வந்துருச்சா?"ன்னாரு. "ஆமா, உங்களுக்கும் சேர்த்துத்தான் வெடிக்கிறோம், உக்காந்து பாருங்க"ன்னேன்.

ஜபருல்லாவுக்கு முகம் கறுத்துப்போச்சு. வயரைப் பிடுங்குறாரு, மாட்டுறாரு. எல்லாம் சரியாத்தான் இருக்குங்கிறாரு. நான் மண்ணெண்ணெயில சாக்கை நனைச்சு இன்ஜின் மேல அப்பியிருந்த அழுக்கைத் துடைக்க ஆரம்பிச்சேன். தண்டுல, வயருல எங்கயாவது பொறி கசியுதான்னு பார்க்கத்தான் துடைச்சேன். துடைக்கத் துடைக்க இரும்புலயே வார்த்த எழுத்து வந்துச்சு. ஒண்ணு, ரெண்டு, நாலு, மூணு. "ஜபருல்லா, இது என்ன நம்பரு?"ன்னு கேட்டேன். எட்டிப் பார்த்தவரு தலையில அடிச்சுக்கிட்டாரு. வேனுல பொறி ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டுன்னு போகும். அந்த முறைக்கே வயரை மாட்டியிருக்காரு. ரெண்டு சிலிண்டருக்கு மாத்தி மாத்திப் பொறி போயிருக்கு. வயரை மாத்திப் போட்டு அமுக்கினா, உறுமிக்கிட்டு எந்திரிச்சிருச்சு. அவ்வளவு சீரா அது ஓடி நான் கேட்டதே இல்லை. அவரு டைமிங் லைட்டைப் பிடிச்சு, இன்ஜினுல சுத்துற சக்கரத்துல சாக்பீஸ் கோடு போட்டு, டப்பாவை மயிரிழை மயிரிழையாத் திருப்பி வச்சு இறுக்கினாரு.

அப்புறம் நான் வண்டியை அணைச்சுட்டுக் கைப்பிடியை எடுத்தேன். ஜபருல்லா குறுக்கே வந்து நின்னாரு. "அக்கா, செல்ஃப் இருக்குல்ல. இது எதுக்கு? உங்க மகன் கேட்டா நான் என்ன பதில் சொல்ல?" "எனக்கும் அதுக்கும் ஒரு வழக்கு இருக்கு, நீங்க தள்ளுங்க"ன்னேன். பெருவிரலை மத்த விரலோட சேர்த்து வச்சுக்கிட்டேன், கீழே இருந்து மேலாக்க மட்டும் இழுத்தேன். உடைஞ்ச அதே கையால. பயமில்லைன்னு பொய் சொல்லமாட்டேன். ஒரே இழுப்பு. கைப்பிடி நழுவி வெளியில வந்துருச்சு, வண்டி ஓடிக்கிட்டு இருந்துச்சு. திருப்பி அடிக்கலை. மேலவீட்டுக்காரர் நாற்காலியை எடுத்துக்கிட்டு உள்ளே போயிட்டாரு.

இதையெல்லாம் உங்க அப்பா ஞாபகத்துக்காகச் செய்யிறேன்னு ஊருக்குள்ள ஒரு பேச்சு இருக்கு. நீயும் அப்படித்தான் யாருகிட்டயோ சொல்லியிருக்கே. அந்தக் கதையை விட்டுரு. உங்க அப்பா அந்த வண்டியை நான் வேண்டாம்னு சொல்லச் சொல்ல வாங்கினாக, வாங்கினதுக்கு அப்புறம் என்னைத் தொடவும் விடலை. சர்க்கரை வியாதியில கண்ணு மங்கினப்பத்தான் வேற வழி இல்லாம என்னை சீட்டுல ஏத்தினாக. மட்கார்டுல உக்காந்துக்கிட்டு, "இடது, இடது, ஏ கழுதை, இடதுன்னேன்"னு கத்திக்கிட்டே வந்தாக. நான் நடுக்காட்டுல வண்டியை நிறுத்தி, "இறங்குங்க"ன்னேன். இறங்கி வரப்புல போயி உக்காந்தாக. அன்னைக்குத்தான் நான் ஓட்டக் கத்துக்கிட்டேன். அந்த வண்டி என்னைக்கும் அவுகளுக்குக் கோயிலு இல்லை, எனக்கும் இல்லை. மழை பெஞ்சு ஈரம் காயுறதுக்குள்ள விதைக்கணும்னா ஊருல உள்ள பெரிய டிராக்டருக்கெல்லாம் பெரிய காடுதான் முதல்ல. நம்மளுது மாதிரி துண்டு நிலத்துக்கு வர்றப்ப கரிசல் கட்டிதட்டிப் போயிருக்கும். எவன் வாசல்லயும் போயி நிக்காம, என் ஈரத்துக்கு நானே விதைக்கிறதுக்குத்தான் அது.

இன்னொண்ணும் ஞாபகம் இருக்கு. உன் பன்னெண்டாம் வகுப்புப் பரீட்சை அன்னைக்கு பஸ்ஸு வரலை. உன்னை டிராக்டர்ல வச்சு திருச்சுழிக்கு ஓட்டிக்கிட்டுப் போனேன். பள்ளிக்கூடத்துக்கு முன்னாடி இருக்கிற வளைவுலயே, "இங்கயே நிறுத்தும்மா, நடந்து போயிக்கிறேன்"னே. உன் கூட்டாளிக பார்த்துருவாகன்னு. எனக்குப் புரிஞ்சுச்சு, அங்கயே நிறுத்தினேன். அப்ப உனக்கு வெக்கம், இப்ப உனக்குப் பயம். ரெண்டு தடவையும் நான் அந்த சீட்டுல இருந்து இறங்கணும்னுதான் நீ நினைச்சே. நான் இறங்குறதா இல்லை. உன் பயம் உன்னோடது. அதை நீ வச்சுக்க, தூக்கம் வரலைன்னா என்கிட்டச் சொல்லு, ஆறுதலா நாலு வார்த்தை பேசுறேன். ஆனா உன் பயத்துக்கு நான் என் கையைக் கட்டிக்கிட்டு உக்காரமாட்டேன்.

தையில உனக்குக் கல்யாணம். நல்ல புள்ளை, பிரியா. பாசம் வைக்கத் தெரிஞ்சவன் நீ, அவளை நல்லா வச்சுக்கிடுவே, அதுல எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனா ஒருத்தர் மேல பாசம் வைக்கிறதும், அவுகளை நம்புறதும் வேற வேற. அவ வேலைக்குப் போறேன்னு சொன்னா, ஸ்கூட்டர்ல மதுரைக்குப் போறேன்னு சொன்னா, உனக்கு நெஞ்சு அடிச்சுக்கும். அடிச்சுக்கட்டும். வாயைத் திறந்து அவகிட்டச் சொல்லு. சண்டை வந்தா போடு, தோத்தா தோத்துட்டுப் போ. முதுகுக்குப் பின்னாடி போயி சாவியை ஒளிச்சு வைக்காதே. ஒரு தடவை செஞ்சேன்னா அப்புறம் அவ உன் சிரிப்பைக்கூட திறந்து பார்த்துத்தான் நம்புவா.

ஐப்பசி முதல் மழை நல்லா இறங்குச்சு. ரெண்டு நாளு வெறிச்சதும் காட்டுல இறங்கினேன். வண்டி ஒரு தடவைகூட நிக்கலை. பின்னாடி கூலிக்கு வந்த செல்லத்தாயி சாலுக்குள்ள மக்காச்சோள விதையைப் போட்டுக்கிட்டே வந்தா. பாதிக் காடு முடியிறப்ப வரப்போரம் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்னுச்சு. பிரியாதான். அருப்புக்கோட்டையில இருந்து வெயில்ல வந்திருக்கா. நீதான் அனுப்பி வச்சியாம். நான் போனை எடுக்கலைன்னு, "நீ போயி அம்மாகிட்ட எடுத்துச் சொல்லு, நீ சொன்னா கேட்பாங்க"ன்னியாம். என்கிட்ட ஒளிக்காம அப்படியே சொல்லிட்டா. வரப்புல உக்காந்து மோர் குடிச்சோம். முதல்ல என் மணிக்கட்டைப் பிடிச்சுப் பார்த்தா. அப்புறம் நடந்ததை எல்லாம் கேட்டா. வண்டி வெடிச்ச கதையை நான் சொன்னப்ப சிரிச்சு சிரிச்சுப் புரையேறிப்போச்சு அவளுக்கு.

"சரி, சொல்ல வந்ததைச் சொல்லு தாயி"ன்னேன்.

வண்டியையே பார்த்துக்கிட்டு இருந்தவ, "அத்தை, நான் கொஞ்சம் ஓட்டிப் பார்க்கவா?"ன்னா.

"அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறியா?"ன்னேன்.

"எதுக்கு?"ன்னா.

செருப்பைக் கழட்டி வச்சுட்டு ஏறினா. நான் வரப்புலயே உக்காந்துக்கிட்டேன். இடதுன்னும் சொல்லலை, வலதுன்னும் சொல்லலை. நாலு சால் ஓட்டினா. செல்லத்தாயி சிரிச்சுக்கிட்டே பின்னாடி விதையைப் போட்டா. இப்ப காடு முழுக்க முளைச்சு வந்துருச்சு, எல்லாம் நூல் பிடிச்ச மாதிரி நிக்குது. அந்த நாலு சால் மட்டும் பாம்பு ஊர்ந்த மாதிரி போயிருக்கு. பயிரும் அப்படியேதான் முளைச்சு, பச்சப்பசேல்னு நிக்குது. கலைச்சு விட்டுறவான்னு செல்லத்தாயி கேட்டா. தொடக்கூடாதுன்னுட்டேன்.